கல்சட்டியும் கடைப்பந்தியும்

வரலாற்றுக்கு ஆதாரம் எவை என்று மாணவர்களைக் கேட்டால் கல்வெட்டு, செப்பேடு, நாணயம், ஓலைச்சுவடி என்று வரிசையாகச் சொல்லிவிடுவார்கள். வகுப்பறையில் நாம் சொல்லிக்கொடுத்த வரிசைதான் அது. அந்த வரிசையில் பரண் என்ற சொல் இல்லை. வீட்டுப் பரண்மேல் சாக்கில் கட்டிக் கிடக்கும் பழம் பாத்திரங்களை ஆவணம் என்று எண்ணும் பழக்கம் நமக்கு வரவில்லை. சென்ற தை மாதத்தில் ஒருநாள் அப்படி எண்ண வேண்டிய கட்டாயம் எங்கள் குடும்பத்துக்கு நேர்ந்தது. அன்று தெரிந்துகொண்டவற்றை நண்பர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அம்பத்தூரில் நாங்கள் குடியிருக்கும் பழைய ஓட்டு வீட்டை இடித்து அடுக்ககம் கட்டுவது என்று முடிவாயிற்று. புதிய வீட்டில் பரண் கிடையாது. ஆகவே பரணைக் காலி செய்ய வேண்டும். பழைய பாத்திரம் வாங்குபவர் தராசுடன் வந்து திண்ணையில் அமர்ந்துவிட்டார். பித்தளைக்கு ஒரு விலை, வெண்கலத்துக்கு ஒரு விலை, செம்புக்கு ஒரு விலை. கல்சட்டிக்கு மட்டும் விலையே இல்லை. "கல்லை உருக்க முடியாதுங்களே" என்று சிரித்தார். உருக்க முடிவதற்கே விலை என்ற அந்த எளிய பொருளியல் எங்களைச் சற்று நிறுத்தி யோசிக்க வைத்தது. அவருக்கு ஒரு குவளை மோர் கொடுத்து, அடுத்த வாரம் வரச் சொல்லி அனுப்பிவிட்டோம்.

பரணிலிருந்து இறங்கியவை இவை: பித்தளை அண்டா ஒன்று, வெண்கலப் பானை ஒன்று, கல்சட்டி இரண்டு, ஈயச்சொம்பு ஒன்று, இரும்பு வாணலி ஒன்று. எல்லாவற்றுக்கும் அடியில், சாக்கின் மூலையில், ஒடுங்கிப்போன அலுமினியத் தட்டு ஒன்றும் குவளை ஒன்றும் இருந்தன. முதலில் சொன்னவற்றைப் பார்த்து அம்மா மகிழ்ந்தார். கடைசி இரண்டையும் பார்த்ததும் பேசாமல் எழுந்து உள்ளே போய்விட்டார். அந்த மௌனத்துக்குப் பிறகு வருவோம்.

அண்டாவின் கழுத்தில் புள்ளி புள்ளியாக எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன. புளி போட்டுத் தேய்த்தபின் படிக்க முடிந்தது. அப்பாவைப் பெற்ற பாட்டியின் பெயருக்குரிய முதலெழுத்துகளும், 1938 என்ற ஆண்டும். பாட்டி திருமணமாகிப் பூந்தமல்லிக்கு மேற்கே இருந்த எங்கள் சிற்றூருக்கு வந்த ஆண்டு அது. பாத்திரக் கடையில் பெயர் வெட்டித் தருவது இன்றும் உள்ள வழக்கம்தான். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். எங்கள் குடும்பத்து நிலப் பத்திரங்களைப் புரட்டினால் தாத்தா பெயர், அவர் தந்தை பெயர், அவருடைய தந்தை பெயர் எல்லாம் வருகின்றன. பாட்டியின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் வருவதற்கு முன் குடும்பச் சொத்தில் பெண்ணுக்கு என்ன இருந்தது? பிறந்த வீட்டுக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போன்ற உரிமை உண்டு என்று தமிழ்நாடு சட்டம் செய்தது 1989-இல். நாடு முழுமைக்கும் அது வந்தது 2005-இல். அதற்கெல்லாம் முன்பு ஒரு பெண்ணின் பெயர் அழியாமல் எழுதப்பட்ட இடம் அவள் கொண்டுவந்த சீர்ப் பாத்திரத்தின் கழுத்துதான். அரசர்களுக்குக் கல்வெட்டு என்றால் நம் பாட்டிமார்களுக்கு அண்டாவெட்டு.

அந்த அண்டா 1963-இல் ஒருமுறை வீட்டைவிட்டு வெளியே போயிருக்கிறது. அப்பாவின் தொழிற்கல்விக் கட்டணத்துக்காகப் பாட்டி அதை அடகுக்கடையில் வைத்தார். தாத்தாவின் நிலத்தை அடகு வைக்கப் பங்காளிகள் ஒப்ப வேண்டும். தன் அண்டாவை வைக்கப் பாட்டி யாரையும் கேட்க வேண்டியதில்லை. அப்பா படித்து முடித்து அம்பத்தூரில் வேலைக்குச் சேர்ந்து நான்காவது ஆண்டில் அண்டா திரும்பி வந்தது. அம்பத்தூர், ஆவடிப் பகுதி மாறிக்கொண்டிருந்த காலம் அது. 1955 சனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரசு மாநாடு சமதர்மப் பாணிச் சமுதாயம் என்ற தீர்மானத்தை நிறைவேற்றியது. 1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை உருவாயிற்று. 1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை எழுந்தது. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த ஊர்களில் சங்கு ஊத ஆரம்பித்தது. வயலை நம்பி வாழ்ந்த ஒரு குடும்பம் மாதச் சம்பளத்துக்கு மாறிய கதையின் நடுவில், ஒரு பித்தளைப் பாத்திரம் பாலமாக நின்றிருக்கிறது. தராசில் வைத்தால் அதன் எடை மட்டுமே தெரியும்.

இனி இப்பாத்திரங்களின் இயல்பைச் சிறிது பார்ப்போம். இன்றைய இளையோர் பலருக்கு இவை பெயரளவில்தான் தெரியும்.

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலப்பு. அதில் தண்ணீர் காய்ச்சலாம். புளி சேர்ந்த குழம்பை வைத்தால் களிம்பேறிவிடும். அதற்காகத்தான் உள்ளே ஈயம் பூசினார்கள். துருத்தியும் கரியும் நவச்சாரமும் சுமந்துகொண்டு தெருவில் குரல் கொடுத்துச் செல்லும் ஈயம் பூசுபவரை நாற்பது வயதைத் தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பாத்திரத்தை நெருப்பில் காயவைத்து, நவச்சாரப் பொடி தூவி, ஈயத் துண்டை ஒற்றித் துணியால் ஒரு சுழற்றுச் சுழற்றினால் மஞ்சள் பாத்திரத்தின் உட்புறம் கண்ணெதிரே வெள்ளியாக மாறும். இரசவாதம் என்பது இதுதானோ என்று வாய் பிளந்து நின்ற பிள்ளைகளில் நாமும் ஒருவர்.

வெண்கலம் செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது. தட்டினால் மணிபோல் ஒலிக்கும். அடிகனமான பானையில் சூடு பரவலாக ஏறுவதால் சோறு அடிபிடிக்காமல் பதமாக வேகும். பொங்கல் பானைக்கு வெண்கலத்தைத் தேர்ந்தது அழகுக்காக மட்டும் அன்று.

ஈயச்சொம்பு என்று நாம் சொல்வது உண்மையில் வெள்ளீயத்தால் ஆனது. காரீயம் வேறு, அது நஞ்சு. இந்த வேறுபாடு தெரியாமல் கலப்படப் பொருளை வாங்கிவிடக் கூடாது. வெள்ளீயம் 232 பாகை செல்சியசிலேயே உருகிவிடும். ஆகவே வெறும் சொம்பை அடுப்பில் வைக்க முடியாது. புளித்தண்ணீரோ பருப்புத்தண்ணீரோ உள்ளே இருக்கும்வரை சூட்டை நீர் வாங்கிக்கொள்ளும், பாத்திரம் பிழைத்திருக்கும். எங்கள் சொம்பின் விளிம்பில் ஒரு பக்கம் வழிந்து உறைந்திருக்கிறது. 1985-இல் ஒருநாள் வானொலியில் பாட்டுக் கேட்டுக்கொண்டு அம்மா அடுப்பை மறந்ததன் அடையாளம். "மாமியார் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் இன்னும் வலிக்கிறது" என்று அம்மா இன்றும் சொல்வார். அருகில் நின்று கவனித்தால்தான் இரசம் தரும் பாத்திரம் அது.

கல்சட்டி மாக்கல்லில் குடைந்தது. சேலம் பகுதியிலிருந்து வருவதைத்தான் நம் பக்கத்தில் பெரிதும் வாங்குவார்கள். நகத்தால் கீறினால் கீறல் விழும் அளவுக்கு மென்மையான கல். ஆனால் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்வதில் அதற்கு இணையில்லை. புளிப்பு அதை ஒன்றும் செய்யாது. வாங்கியவுடன் அடுப்பேற்றினால் வெடித்துவிடும். அதைப் பழக்க வேண்டும். எண்ணெயும் மஞ்சளும் பூசி ஊறவைத்து, பிறகு நாள்தோறும் சூடான வடிகஞ்சியை ஊற்றி ஆறவிட்டு, பல நாள் கழித்தே மெல்லிய தீயில் ஏற்றுவார்கள். புதுமருமகளை வீட்டுக்குப் பழக்குவதுபோல என்று பாட்டி சொல்வதுண்டு. உவமை பாட்டிக்குச் சிரிப்பு. அம்மாவுக்கு அவ்வளவாகச் சிரிப்பில்லை.

அந்த அலுமினியத் தட்டு எப்படி வந்தது? அலுமினியத்தை மலிவாகப் பிரித்தெடுக்கும் முறை 1886-இல்தான் மேலை நாட்டில் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த பன்னிரண்டே ஆண்டுகளில் அது நம் பூந்தமல்லி நெடுஞ்சாலைக்கு வந்துவிட்டது என்றால் வியப்பாக இருக்கும். அச்சாலையை ஒட்டி எழும்பூர்ப் பக்கத்தில் நடந்துவருவது 1850-இல் தொடங்கப்பட்ட சென்னைக் கலைப்பள்ளி. இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி. அங்கே பொறுப்பேற்றிருந்த ஆல்பிரட் சாட்டர்டன் என்ற பொறியாளர் 1898-இல் அலுமினியப் பாத்திரம் செய்யும் வேலையைத் தொடங்கினார். அதுவரை செம்பும் பித்தளையும் தட்டிய கைகள் புதிய உலோகத்தைத் தட்டப் பழகின. முயற்சி நன்கு நடந்து, 1903-இல் அது இந்திய அலுமினியம் கம்பெனியின் கைக்கு மாறியது. இலேசானது, மலிவானது, ஈயம் பூச வேண்டாதது. ஏழை வீட்டு அடுப்பங்கரைக்கு அது செய்த உதவியை மறுக்க முடியாது. பின்னர் எவர்சில்வர் வந்தது. 1980-களின் தொடக்கத்தில் சேலத்திலேயே உருக்காலை உற்பத்தியைத் தொடங்கியது. கல்சட்டி தந்த சேலமே அதைப் பரணுக்கு அனுப்பும் தகட்டையும் உருட்டித் தந்தது.

ஆனால் எங்கள் வீட்டில் அலுமினியத்துக்கு வேறொரு வேலை கொடுக்கப்பட்டிருந்தது. அம்மா அன்றிரவு சொன்னார். அந்தத் தட்டும் குவளையும் கொல்லைப்புறத்தில், மாட்டுக்கொட்டகைக் கூரையின் இறவாணத்தில் செருகி வைக்கப்பட்டிருந்தவை. நடவுக்கும் அறுப்புக்கும் வந்த பெண்களில், ஆண்டு முழுவதும் எங்கள் வீட்டு வேலையைச் செய்த ஒருவருக்கு உரியவை. அவரே எடுத்து, அவரே கழுவி, அவரே திரும்பச் செருக வேண்டும். பாட்டி மேலிருந்து சோற்றையும் குழம்பையும் தட்டில் படாமல் விடுவார். திருமணமாகி வந்த புதிதில் அம்மா ஒருமுறை அத்தட்டை எடுத்து மற்றப் பாத்திரங்களுடன் கழுவப் போட்டதற்கு, வீட்டில் மூன்று நாள் யாரும் அவருடன் பேசவில்லை. எந்தச் சாத்திரத்திலும் பெயரில்லாத, நம் அடுப்பங்கரைக்கு வந்து நூறு ஆண்டுகூட ஆகாத உலோகம். அதற்கும் ஒரு சாதியைக் கற்பித்துக் கொல்லையில் நிறுத்திவிட்டோம்.

அண்டாவில் வெட்டிய பெயரைப் படித்துப் பெருமைப்பட்ட நாங்கள், பெயரே வெட்டப்படாத இந்தத் தட்டை எந்தக் கணக்கில் வைப்பது? பாட்டியின் கைமணத்தைப் போற்றுவோம், பாட்டியின் கை எவ்வளவு உயரத்திலிருந்து பரிமாறியது என்பதை மறந்துவிடுவோம் என்று இருக்க முடியுமா?

இந்தக் கேள்வி எங்கள் வீட்டில் மட்டும் பிறந்தது அன்று. பூந்தமல்லி மண்ணுக்கே இது பழைய கேள்வி.

வைணவக் குருபரம்பரைக் கதைகளை அறிந்தவர்களுக்குத் திருக்கச்சி நம்பிகளைத் தெரியும். பூவிருந்தவல்லி என்ற நம் பூந்தமல்லியே அவர் பிறந்த ஊர். அவ்வூர் வரதராசப் பெருமாள் கோயிலில் அவருக்குச் சன்னிதி உண்டு. காஞ்சி வரதருக்கு ஆலவட்டம் வீசும் தொண்டைச் செய்தவர். வைசிய குலத்தவர் என்பது மரபு. அவருடைய பெருமையை உணர்ந்த இராமானுசர், அவரைத் தம் வீட்டுக்கு உணவுண்ண அழைத்தார். அவர் உண்ட மிச்சத்தைத் தாம் உண்ண வேண்டும் என்பது இராமானுசரின் விருப்பம். அவர் நம்பிகளை எதிர்கொள்ள ஒரு வழியே சென்றபோது நம்பிகள் வேறு வழியே வந்து, உண்டு, கோயில் பணிக்கு நேரமாயிற்று என்று புறப்பட்டுவிட்டார். இராமானுசரின் மனைவி தஞ்சமாம்பாள் இலையை எடுத்து எறிந்து, இடத்தைச் சாணமிட்டு மெழுகி, மீந்ததை வெளியே கொடுத்துவிட்டு, குளித்து, புதிதாக உலையேற்றினார். திரும்பி வந்த இராமானுசர் கண்டது கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களை. அவர் மனம் ஒடிந்தது என்று கதை சொல்கிறது. பின்னொரு நாள் கிணற்றடியில், குருவான பெரிய நம்பியின் மனைவியுடைய குடத்து நீர் தம் குடத்தில் தெறித்தது என்று தஞ்சமாம்பாள் சண்டையிட்டதும், இராமானுசர் இல்லறத்தைத் துறந்ததும் இதன் தொடர்ச்சி.

இக்கதையை நாம் பலமுறை பாடம் சொல்லியிருக்கிறோம். ஒவ்வொரு முறையும் தஞ்சமாம்பாளைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டு மேலே சென்றிருக்கிறோம். அலுமினியத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நினைத்தபோது கதை வேறாகத் தெரிந்தது. அந்த அம்மையார் தன் இச்சையாக எதையும் செய்யவில்லை. மாமியாரிடமும் தாயாரிடமும் கற்ற அடுக்களை ஒழுக்கத்தை அப்படியே கடைப்பிடித்தார். அவருக்கு அதுதான் குடும்ப மரபு. மரபைப் போற்றிய ஒருவர், போற்றியதனாலேயே தவறினார். மரபைப் போற்றுவது என்பது அவ்வளவு எளிய நற்செயலன்று என்று இந்த ஊர்க் கதை ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாக நமக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

இதே வட்டாரத்தில் வேறொரு மரபும் இருந்தது. பூந்தமல்லிக்கு அருகிலுள்ள குன்றத்தூர் சேக்கிழாரின் ஊர். அவர் பாடிய பெரியபுராணத்தில் திருவேற்காட்டு மூர்க்க நாயனார் வருகிறார். நாள்தோறும் அடியார்க்கு அமுதளித்துவிட்டுத் தாம் உண்பது அவர் விரதம். கைப்பொருள் தீர்ந்தது, நிலத்தை விற்றார், அதுவும் தீர்ந்தது. கடைசியில் தமக்குத் தெரிந்த சூதாட்டத்தையே தொழிலாக்கி, ஊர் ஊராகச் சென்று வென்ற பொருளைத் தம் கையால் தீண்டாமல் சமைப்பவரிடம் கொடுத்து, அடியார் எல்லாரும் உண்ட பின் கடைப்பந்தியில் தாம் உண்டார். சூதாடி ஒருவரை அறுபத்துமூவரில் ஒருவராகச் சேக்கிழார் வணங்குவதற்குக் காரணம் அந்தக் கடைப்பந்திதான். வீட்டுக்குரியவன் கடைசியாக உண்ணும் இலை அது.

இன்னும் பின்னே சென்றால் பெரும்பாணாற்றுப்படை இருக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் காஞ்சித் தொண்டைமான் இளந்திரையனிடம் பாணனை ஆற்றுப்படுத்தும் நூல். தொண்டை நாட்டின் சமையற்கட்டுகளுக்குள் நம்மை அழைத்துச் செல்லும் நூல். வழியில் எயினர் குடிசையில் விளிம்பு சிதைந்த பழம் பானையை உடைந்த அடுப்பின்மேல் ஏற்றிப் புல்லரிசிச் சோறு ஆக்குகிறார்கள். அரிசி எறும்புப் புற்றைத் தோண்டி எடுத்தது. தமிழ் இலக்கியத்தில் ஏழை வீட்டின் பரம்பரைப் பாத்திரத்துக்குக் கிடைத்த மிகப் பழைய பதிவுகளில் ஒன்று இந்த வாய் உடைந்த குழிசி. அப்புறம் ஆயர் வீடு, உழவர் வீடு, வலைஞர் வீடு, அந்தணர் வீடு என்று பாணன் போகிறான். அந்தணர் மனையில் மாதுளங்காயை மிளகும் கறிவேப்பிலையும் கூட்டி வெண்ணெயில் சமைத்தது, மாவடு ஊறுகாய் எல்லாம் கிடைக்கின்றன. எல்லா வீட்டிலும் பாணன் உண்கிறான். நீ யார், எங்கே உட்கார வேண்டும் என்று எவரும் கேட்டதாகப் புலவர் சொல்லவில்லை. பிற்காலத்தில் பாணர்களையே தீண்டத்தகாதார் வரிசைக்குத் தள்ளிவிட்ட நாடு இது என்பதை நினைத்தால், இடையில் நாம் இழந்தது எவ்வளவு என்று தெரியும்.

ஆக, மரபு என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இரண்டு மரபுகள் இருக்கின்றன. கழுவிக் கவிழ்க்கும் மரபு ஒன்று. கடைப்பந்தி மரபு ஒன்று. பரம்பரைப் பாத்திரங்களை ஒருமுறை உற்றுப் பாருங்கள். எல்லாமே குடும்பத்தின் தேவையைவிடப் பெரியவை. ஆறு பேர் இருந்த வீட்டில் இருபது பேருக்கு வடிக்கும் வெண்கலப் பானை எதற்கு? விருந்தினருக்கும் வழிப்போக்கருக்கும் சேர்த்தே அந்த அளவு தீர்மானிக்கப்பட்டது. பாத்திரம் செய்தவர் அளவில் எழுதி வைத்த அறத்தை, பரிமாறியவர் கொல்லைப்புறத்தில் குறைத்துவிட்டார். இன்றைய நம் வீட்டுக் குக்கரோ அளந்து மூன்று பேருக்கே வேகிறது. நான்காமவர் வந்தால் கடையில் வாங்கி வர ஆளனுப்புகிறோம். இந்தக் குறையையும் பாட்டியின் தலையில் கட்ட முடியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாத்திரங்களில் ஒருமுறை சமைத்துவிட்டுப் பிறகு எதை விற்பது என்று முடிவு செய்யலாம் என அம்மா சொன்னார். யாரை அழைப்பது என்பதையும் அவரே சொன்னார். தட்டுக்குரிய அந்த மூதாட்டி, எண்பதைக் கடந்தவர், இப்போது ஆவடியில் மகன் வீட்டில் இருக்கிறார். மகன் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்; பேத்தி பொறியியல் படித்தவர். அழைக்கச் சென்றபோது மகனின் முகத்தில் தயக்கம் தெரிந்தது. "எதற்கு?" என்ற ஒரே சொல்தான் கேட்டார். சரியான விடை எங்களிடம் இருக்கவில்லை. உள்ளே இருந்த மூதாட்டிதான், "அந்தக் கல்சட்டி இன்னும் இருக்குதா?" என்று கேட்டு வர ஒப்பினார்.

பல ஆண்டுகளாகப் பட்டினி கிடந்த கல்சட்டியை ஒரு வாரம் வடிகஞ்சி ஊற்றி மறுபடி பழக்கினோம். ஞாயிறன்று அதில் நல்லெண்ணெய் காய்ந்தது. கடுகு, வெந்தயம், மிளகாய் தாளித்து, மணத்தக்காளி வற்றலும் சுண்டைக்காய் வற்றலும் வறுத்து, புளிக்கரைசல் விட்டு, வீட்டில் அரைத்த குழம்புப் பொடி போட்டு அம்மா வற்றல் குழம்பு வைத்தார். சரியாகக் கெட்டியாவதற்குச் சற்று முன்பே இறக்கிவிட்டார். அடுப்பு அணைந்த பின்னும் கால்மணி நேரம் கல் கொதித்துக்கொண்டிருந்தது. ஈயச்சொம்பில் இரசம் நுரைகட்டியது. வெண்கலப் பானையில் சோறு வடித்தோம். சுட்ட அப்பளம், வாழைக்காய்ப் பொரியல், மோர். பெரிய விருந்து ஒன்றுமில்லை. ஒரு சாதாரண நாளின் சாப்பாடு.

மூதாட்டி வழக்கம்போலக் கொல்லை வாசலை நோக்கி நடந்தார். கால் அறியாமல் நடந்திருக்க வேண்டும். அம்மா விரைந்து சென்று, "இப்படி வாங்க" என்று கையைப் பிடித்துக் கூடத்துக்கு அழைத்து வந்தார். தன்னைவிடப் பத்து வயது மூத்த அந்தப் பெண்மணியை அம்மா பன்மையில் அழைத்து நாங்கள் கேட்டது அதுவே முதன்முறை. அம்மாவுக்கும் அது முதன்முறைதான் என்பது குரலில் தெரிந்தது. எல்லாருக்கும் வாழை இலை. அவர் உண்ட பின்னரே அம்மா உட்கார்ந்தார்.

உருக்கமான வசனம் ஏதும் நிகழவில்லை. மூதாட்டி நிதானமாக உண்டார். "பெரியம்மா கையில் புளி இன்னும் கொஞ்சம் தூக்கலா இருக்கும்" என்றார். பாட்டியைத்தான் அப்படிச் சொன்னார். கல்சட்டியைத் தடவிப் பார்த்தார். எங்கள் வீட்டில் நாற்பது ஆண்டுகள் அதன் சுவையை அறிந்தவர், அன்றுதான் அதைத் தொட்டிருக்கிறார். அலுமினியத் தட்டைப் பற்றி நாங்களாகப் பேச்செடுத்தோம். மன்னிப்புக் கேட்பதுபோல ஏதோ தடுமாறினோம். அவர் கேட்டுக்கொண்டார். "அது அப்ப" என்று மட்டும் சொன்னார். அச்சொல்லில் மன்னிப்பு இருந்ததா, முடித்துவிடு என்ற கட்டளை இருந்ததா என்று நமக்கு விளங்கவில்லை. விளங்கியதாகப் பாவனை செய்யவும் விரும்பவில்லை.

புறப்படும்போது பேத்திக்கென்று ஒரு தூக்கில் குழம்பு கொடுத்தனுப்பினோம். நான்கு நாள் கழித்துப் பேத்தி வண்டியில் வந்து தூக்கைத் திருப்பித் தந்தார். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்பது நம் பக்கத்து வழக்கம் அல்லவா? உள்ளே அவர்கள் வீட்டில் கடைந்த முருங்கைக்கீரை இருந்தது. இன்னும் சூடு ஆறவில்லை.

ஆவடியிலிருந்து அம்பத்தூருக்கு அந்தத் தூக்கு வந்த தொலைவு சில கிலோமீட்டர்தான். எங்கள் வீட்டு வரலாற்றில் அந்தத் திசையிலிருந்து சமைத்த உணவு உள்ளே வந்ததில்லை. அம்மா மூடியைத் திறந்து சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டியின் படம் மாட்டியிருந்த சுவரை ஒருமுறை பார்த்தார். பிறகு தட்டை எடுத்து வைத்துச் சோறு போட்டுக்கொண்டு, கீரையை ஊற்றிப் பிசைந்து உண்டார். "நல்லா இருக்கு. பூண்டு போட்டிருக்காங்க" என்றார்.

பழைய பாத்திரக்காரர் சொன்னபடி மறுவாரம் வந்தார். இரும்பு வாணலி ஓட்டையாகியிருந்ததால் அதை மட்டும் கொடுத்தோம். மற்றவற்றுக்குப் புதிய வீட்டின் சமையலறையில் ஓர் அலமாரி அடிக்கச் சொல்லியிருக்கிறோம். கல்சட்டிக்குப் பக்கத்தில் அந்த அலுமினியத் தட்டும் குவளையும் இருக்கும். அவை எடைக்கு எவ்வளவு போகும் என்று அவர் கேட்காமலே சொன்னார். அதையும் கேட்டுக்கொண்டோம், கொடுக்கவில்லை. அண்டாவில் பெயர் இருக்கிறது, ஆண்டு இருக்கிறது. தட்டில் ஒன்றும் இல்லை. கேட்கும் பிள்ளைகளுக்கு நாம்தான் சொல்லியாக வேண்டும்.